உட்கார்ந்து பார்க்காமல் வாங்கும் நாற்காலி: வீட்டு வேலைக்கும் கேமுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தேவாரத்தில் பிளாஸ்டிக் சேர் வாங்குவது பெரிய காரியமில்லை. வீட்டை விட்டு இறங்கினால் கொஞ்ச நேரத்தில் கையோடு தூக்கிவந்துவிடலாம். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கென்றே செய்த சேர் வேண்டுமென்றால்தான் சிக்கல். போடிக்கோ தேனிக்கோ போனால் சில மாதிரிகள் கிடைக்கும். பல மாதிரிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்து வாங்க மதுரைக்குத்தான் போக வேண்டும். அதற்கு ஒரு நாள் லீவு போட வேண்டும். அதனால் நம் பக்கத்தில் பெரும்பாலோர் செல்போனில் படத்தைப் பார்த்து, கீழே இருக்கும் நட்சத்திரங்களை எண்ணி, ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். உடம்பு முழுக்கப் படுகிற ஒரு பொருளைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குகிறார்கள்.

2020 மார்ச் ஊரடங்கில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் லேப்டாப்போடு ஊர் திரும்பிய பிள்ளைகள் முதலில் கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். பிறகு சாப்பாட்டு மேசைக்கு வந்தார்கள். கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொண்ட பிறகுதான் சேரைப் பற்றிய நினைப்பே வந்தது. ஆபீஸ் திறந்த பின்னும் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க நேரத்துக்கு இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் இருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், இரவு சாப்பாட்டுக்குப் பின் நண்பர்களோடு கேமில் இறங்குபவர்களும் அதே அறையில், அதே சேரில்தான் உட்காருகிறார்கள்.

இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. இதில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: முதலில் உங்கள் உடம்பை அளக்க வேண்டும், அடுத்து மேசையை அளக்க வேண்டும், சேரைத் தேடுவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறாமல் இருந்தால் உட்கார்ந்து பார்க்காமலே பொருத்தமான சேரை வாங்கிவிடலாம்.

படி 1: தையல் டேப்பை எடுங்கள்

வீட்டில் தையல் டேப் இருக்கும். உதவிக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள். சமமான பலகையுள்ள ஒரு ஸ்டூலில் வெறுங்காலோடு உட்காருங்கள். பாதம் முழுக்கத் தரையில் படிய வேண்டும், தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஸ்டூல் உயரமாக இருந்து கால் எட்டவில்லையென்றால், தடிமனான கைடு புத்தகங்களைக் காலடியில் அடுக்குங்கள். அப்போது புத்தகத்தின் மேற்பரப்புதான் உங்களுக்குத் தரை.

முதல் அளவு கால் உயரம். முழங்காலுக்குப் பின்னால் மடிப்பின் அடியில் டேப்பை வைத்து, பாதம் படிந்திருக்கும் இடம் வரை அளக்க வேண்டும். அடுத்தது தொடை நீளம். பின்புறம் சுவரில் ஒட்டியிருக்கும்படி உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளக்க வேண்டும். மூன்றாவது முழங்கை உயரம். தோளைத் தளர்த்தி, கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, முழங்கையை மடக்குங்கள். உட்காரும் பலகையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை அளக்க வேண்டும். இந்த மூன்றையும் உங்கள் எடையையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்குக் கால் உயரம் சுமார் 38 செ.மீ., தொடை நீளம் 43 செ.மீ., முழங்கை உயரம் 21 செ.மீ. என்ற அளவில் வரும். ஐந்தடி ஐந்து அங்குலம் உள்ள ஆணுக்கு இவை சுமார் 42, 46, 22 என்று இருக்கும். ஆளுக்கு ஆள் ஓரிரு சென்டிமீட்டர் மாறும் என்பதால் உங்கள் அளவை நீங்களே எடுப்பதுதான் சரி.

இப்போது ஆன்லைனில் ஒரு சேரின் அளவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். உட்காரும் உயரம் 45 முதல் 55 செ.மீ. என்று போட்டிருப்பது சாதாரணம். முழுக்கத் தாழ்த்தினாலும் 45-க்குக் கீழே அது இறங்காது. 38 செ.மீ. கால் உயரமுள்ளவர் அதில் உட்கார்ந்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். சீட்டின் முன்விளிம்பு தொடையின் அடியை அழுத்தும். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும். கால் எட்டாதவர் தானாகவே சீட்டின் நுனிக்கு நகர்ந்துவிடுவார். முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் போவது அந்த இடத்தில்தான். எவ்வளவு விலை கொடுத்த லம்பார் சப்போர்ட்டும், அதாவது கீழ்முதுகுத் தாங்கலும், அப்போது உதவாது.

இந்தச் சேர்களில் பலவும் மேலைநாட்டு உடலளவையும், ஷூ போட்ட காலையும் மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு இருப்பவர்கள். ஷூ கொடுக்கும் அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டரும் கணக்கில் வரும். இந்திய உடலளவுகளை நாடு முழுக்க எடுத்துத் தொகுத்த பணி ஒன்று உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காக தேப்குமார் சக்ரவர்த்தி செய்த அந்தத் தொகுப்பு 1997-ல் நூலாக வந்தது. இந்தியாவில் நாற்காலி செய்பவர்கள் எல்லோரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு செய்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். அதுவரைக்கும் டேப்தான் துணை.

படி 2: மேசையை விட்டுவிடாதீர்கள்

சேர் வாங்கியும் வலி போகவில்லை என்பவர்களின் வீட்டில் நான் முதலில் பார்ப்பது மேசையைத்தான். நம் ஆசாரிகள் மேசை என்றால் இரண்டரை அடி, அதாவது 30 அங்குலம் என்ற கணக்கில் செய்வார்கள். அது 76 செ.மீ. கடையில் விற்கும் ரெடிமேட் மேசைகளும் ஏறக்குறைய அதே உயரம்தான்.

ஒரு கூட்டல் போடுங்கள். கால் உயரமும் முழங்கை உயரமும் சேர்ந்ததுதான் உங்கள் கை இயல்பாகப் படிய வேண்டிய உயரம். மேலே சொன்ன பெண்ணுக்கு அது 38-ம் 21-ம் சேர்ந்து 59 செ.மீ. மேசையோ 76. நடுவில் 17 செ.மீ. வித்தியாசம். கீபோர்டு மேசைமேல் இருக்கும்வரை அவர் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டேதான் டைப் அடிக்க வேண்டும். மாலையில் பிடரியில் வரும் வலிக்குக் காரணம் இதுதான். ஐந்தடி ஐந்து அங்குல ஆணுக்கும் 64 செ.மீ.தான் வருகிறது, அவருக்கும் மேசை 12 செ.மீ. அதிகம்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. மர மேசையாக இருந்து, அதை ஒருவர் மட்டுமே பயன்படுத்தினால் காலை அறுப்பதுதான் சிறந்த வழி. ஆசாரியிடம், “அண்ணே, நாலு காலுலயும் நாலு இஞ்ச் எடுத்துருங்க” என்றால் அரைமணி நேர வேலை. அதற்கு முன் மேசைக்கு அடியில் டிராயர் இருக்கிறதா என்று பாருங்கள். டிராயர் உள்ள மேசையை அறுத்தால் தொடை நுழைய இடமில்லாமல் போகும். டிராயரைக் கழற்ற மனமிருந்தால் மட்டும் அறுக்கலாம்.

அறுக்க முடியாத மேசையாக இருந்தால் சேரை உயர்த்திக்கொண்டு, காலடியில் ஏதாவது கொடுக்க வேண்டும். இதற்கென்று தனியாக ஃபுட்ரெஸ்ட் விற்கிறார்கள். வீடு கட்டி மிஞ்சிய சாலிட் பிளாக் கொல்லையில் கிடந்தால் அதுவே போதும். நான்கு அங்குலக் கல் 10 செ.மீ. உயரம், ஆறு அங்குலக் கல் 15 செ.மீ. உயரம். இரண்டு கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப் போட்டு, மேலே ஒரு மிதியடி விரித்தால் கால் வைக்க அகலமான மேடை கிடைத்துவிடும். கனம் இருப்பதால் நகராது. எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை.

மூன்றாவது, மேசைக்கு அடியில் இழுக்கும் கீபோர்டு பலகை. இதில் ஏழெட்டு சென்டிமீட்டர் தாழும். ஆனால் பலகை முட்டியில் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால் கை சரியாக இருந்தால் கழுத்து குனியும், கழுத்து சரியாக இருந்தால் கை தூக்கும். தனி கீபோர்டும் மவுசும் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. லேப்டாப்பைப் புத்தக அடுக்கின் மேல் தூக்கி வையுங்கள். திரையின் மேல்விளிம்பு கண் உயரத்துக்கு வர வேண்டும், கை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். புதுச் சேருக்குப் பணம் சேரும்வரை இதையாவது இன்றே செய்துவிடலாம்.

படி 3: நீங்கள் எப்படி உட்காருகிறீர்கள்?

வேலை பார்ப்பவர் மேசையை நோக்கி உட்காருகிறார். கையும் கண்ணும் முன்னால் இருக்கின்றன. மணிக்கணக்கில் பெரிய அசைவு இல்லை. கம்ப்யூட்டரில் கேம் ஆடுபவரும் மேசையை நோக்கித்தான் உட்காருகிறார். ஆனால் ஆட்டம் சூடுபிடித்ததும் முதுகைச் சாய்மானத்திலிருந்து எடுத்துவிட்டு முன்னால் வளைகிறார். கன்ட்ரோலரில் ஆடுபவர் நன்றாகப் பின்னால் சாய்ந்துகொள்கிறார். நம் ஊர்ப் பையன்களில் பெரும்பாலோர் ஆடுவது செல்போனில். அவர்கள் தலையை நெஞ்சுவரை கவிழ்த்துக்கொண்டு, முழங்கைக்கு எந்தப் பிடிமானமும் இல்லாமல் ஆடுகிறார்கள். இந்த நான்கில் உங்களுடையது எது, அதில் எத்தனை மணி நேரம் என்பதைத் தீர்மானித்தால்தான் சேரின் எந்தப் பாகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று தெரியும்.

முதுகுத்தண்டுக்கு எது நல்லது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்ன விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களிலேயே முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். ஜெர்மனியின் ஊல்ம் நகரில் வில்கேயின் குழு அதே வேலையைப் புதிய கருவியோடு செய்து 1999-ல் முடிவுகளை வெளியிட்டது. நின்றபோது வட்டில் 0.5 மெகாபாஸ்கல் அழுத்தம். முன்னால் வளைந்து உட்கார்ந்தபோது 0.83. பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தபோது 0.3-க்குப் பக்கத்தில். 2006-ல் ஸ்காட்லாந்தில் எம்.ஆர்.ஐ. வைத்துப் பார்த்த மருத்துவர்களும், முதுகுக்கும் தொடைக்கும் நடுவே 135 பாகை இருக்கும்படி சாய்ந்து உட்காரும்போது வட்டுகள் குறைவாக இடம்பெயர்கின்றன என்று கண்டார்கள்.

நேராக விறைத்து உட்கார் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது முழு உண்மையில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. சற்றே சாய்ந்து, அந்தச் சாய்மானம் கூடவே வந்து தாங்கும்படி உட்காருவதுதான் முதுகுக்கு இளைப்பாறுதல். ஆகவே சேரின் அழகைவிட, அது எப்படிச் சாய்கிறது என்பது முக்கியம்.

படி 4: கேமிங் சேரா, ஆபீஸ் சேரா?

இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. என் பதிலைத் தயங்காமல் சொல்கிறேன்: வேலையும் ஆட்டமும் ஒரே சேரில் என்றால், பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் வரம்புக்குள் ஆபீஸ் சேர்தான்.

கேமிங் சேரின் வடிவம் பந்தயக் காரிலிருந்து வந்தது. கார் சீட் செய்துகொண்டிருந்த டிஎக்ஸ்ரேசர் நிறுவனம் 2006-ல் அந்த வடிவத்தைக் கம்ப்யூட்டர் முன்னால் கொண்டுவந்தது. பந்தயக் கார் வளைவில் திரும்பும்போது ஓட்டுநர் சரியாமல் இருக்கத்தான் தோளிலும் தொடையிலும் அந்த இறக்கைகள். வீட்டில் யாரும் வளைவில் திரும்புவதில்லை. தோள் இறக்கை கையின் அசைவைத் தடுக்கிறது. தொடை இறக்கை, சேரில் சம்மணம் போட்டு உட்காரும் நம் பழக்கத்துக்குக் குறுக்கே நிற்கிறது. சீட்டும் ஆழமாக இருக்கும், 50 செ.மீ.க்கு மேல் போவதும் உண்டு. ஆறடி ஆளுக்குச் சரி. நம்மில் பலருக்குச் சரியில்லை.

ரெக்சின் இன்னொரு பிரச்சினை. விலை குறைந்த கேமிங் சேர்களில் பெரும்பாலும் பி.யூ. லெதர் என்ற ரெக்சின்தான் போர்த்தியிருப்பார்கள். சித்திரை வைகாசியில் நம் பள்ளத்தாக்கில் மின்விசிறிக்குக் கீழேயே முதுகு நனையும். வியர்வையும் ஈரமும் தொடர்ந்து படும் ரெக்சின் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் அந்தக் கறுப்புத் துணுக்குகளைப் பழைய சோபா வைத்திருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

நெட் துணியால் முதுகு செய்த சேர் பரவலானதற்கு 1994-ல் வந்த ஏரான் நாற்காலி முக்கியக் காரணம். பில் ஸ்டம்ப், டான் சாட்விக் இருவரும் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக வடிவமைத்தது. பஞ்சும் தோலும் இல்லாமல் இழுத்துக் கட்டிய வலையே உடம்பைத் தாங்கும் என்று அது காட்டியது. அந்தச் சேர் இன்றும் லட்ச ரூபாய்க்கு மேல். ஆனால் அந்த யோசனை ஐயாயிரம் ரூபாய்ச் சேர் வரைக்கும் இறங்கிவந்துவிட்டது. நம் ஊர் வெயிலுக்கு அது வரப்பிரசாதம்.

கேமிங் சேர்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் துணி போர்த்தியதாக, தொடை இறக்கை தட்டையாக உள்ளதாகப் பாருங்கள். கன்ட்ரோலரில் ஆடுபவருக்கு அது நன்றாகவே உதவும். படுக்கும் அளவுக்குச் சாய்வதும் தலைக்குத் தாங்கல் இருப்பதும் அதன் உண்மையான பலம்.

படி 5: பாகம் பாகமாகப் பாருங்கள்

சாய்மானம்: கடைக்காரர்கள் புஷ்பேக் என்று சொல்வது எல்லாம் ஒன்றல்ல. விலை குறைந்ததில் சீட்டும் முதுகும் ஒரே துண்டாகப் பின்னால் சரியும். சாய்ந்தவுடன் கால் தரையை விட்டுக் கிளம்பும். சிங்க்ரோ டில்ட் என்று குறிப்பிட்டிருக்கும் சேரில் முதுகு அதிகமாகவும் சீட்டு குறைவாகவும் சாயும், பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில். கால் தரையிலேயே இருக்கும், பார்வை திரையிலேயே இருக்கும். வேலைக்கும் ஆட்டத்துக்கும் ஒரே சேர் தேடுகிறவர் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது. சாய்வின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க அடியில் ஒரு குமிழ் இருக்க வேண்டும். ஐம்பது கிலோ ஆளும் தொண்ணூறு கிலோ ஆளும் அதே சேரைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அந்தக் குமிழ் கட்டாயம்.

கீழ்முதுகுத் தாங்கல்: பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே முதுகு உள்வாங்கி இருக்கும். தாங்கல் அந்தக் குழியில் உட்கார வேண்டும். பொதுவாகச் சீட்டிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் வரும். ஏற்றி இறக்கும் வசதி இல்லாத தாங்கல் ஒருவருக்குப் பொருந்தும், அடுத்தவருக்கு இடிக்கும். இருக்கிற சேரிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தேங்காய்ப்பூத் துண்டை இறுகச் சுருட்டி, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் போட்டு, அந்தக் குழியில் வைத்து ஒரு நாள் வேலை பாருங்கள். துண்டை ஏற்றியும் இறக்கியும் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு எந்த உயரத்தில் இதமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த உயரத்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சீட்டு: ஆழம், உங்கள் தொடை நீளத்தைவிட மூன்று முதல் ஐந்து செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். முதுகு ஒட்டி உட்கார்ந்த பின், முழங்கால் மடிப்புக்கும் சீட்டு விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். குடும்பத்தில் பலர் பயன்படுத்துவதாக இருந்தால், சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். ஸ்பாஞ்ச் சீட்டாக இருந்தால் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அடிப்பலகை விரலில் தட்டினால் அது ஓராண்டு தாங்காது.

கைப்பிடி: ஏற்றி இறக்க முடிவது குறைந்தபட்சத் தேவை. பட்டியலில் 3டி, 4டி என்று இருந்தால் முன்பின் நகரும், உள்ளே திரும்பும், 4டி என்றால் பக்கவாட்டிலும் நகரும் என்று அர்த்தம். டைப் அடிப்பவருக்கு 2டி போதும். செல்போனில் ஆடுபவருக்கு மட்டும் உள்ளே திரும்பும் கைப்பிடி பெரிய உதவி: முழங்கை இரண்டையும் அதில் ஊன்றி, போனை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கலாம், கழுத்து தப்பும். அது இல்லாத சேரில் மடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். ஒன்று முக்கியம்: கைப்பிடியை முழுக்க இறக்கினால் மேசைக்கு அடியில் போக வேண்டும். போகாவிட்டால் சேர் மேசையிலிருந்து தள்ளியே நிற்கும், நீங்கள் முன்னால் வளைவீர்கள்.

ஹைட்ராலிக்: கடையில் அப்படித்தான் கேட்க வேண்டும், உள்ளே இருப்பது எண்ணெய் அல்ல, அழுத்தி அடைத்த நைட்ரஜன். கிளாஸ் 3, கிளாஸ் 4 என்று தரம் பிரித்திருப்பார்கள். கிளாஸ் 4-ன் குழாய்ச் சுவர் தடிமன். எடை 80 கிலோவுக்கு மேல் இருந்தால் கிளாஸ் 4 பாருங்கள். எந்தத் தரக்குறிப்பும் இல்லாததை விட்டுவிடுங்கள். பழுதானால் மாற்றுவதுதான் வழி. பட்டறையில் கொடுத்துத் திறக்கவோ வெல்டிங் வைக்கவோ கூடாது, ஆபத்து.

சக்கரம்: கெட்டியான நைலான் சக்கரம் கார்ப்பெட் தரைக்கானது. நம் வீட்டு டைல்ஸிலும் மொசைக்கிலும் அது வழுக்கும், சத்தம் போடும், கோடும் விழும். மேல்பக்கம் மென்மையான பி.யூ. சக்கரம் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான சேர்களில் இழுத்தால் கழன்று வரும்.

தலைத் தாங்கல் சாய்ந்து ஆடுபவருக்கும் அழைப்பில் பேசிக்கொண்டே இருப்பவருக்கும் தேவை. டைப் அடிப்பவருக்கு இல்லாவிட்டாலும் குறையில்லை.

நெட் சேர் வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்று அடித்துக்கொண்டுவரும் புழுதி வலைக்கண்களில் அடைந்துவிடும். ஜன்னலோரம் போட்ட சேரை அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

படி 6: எவ்வளவு செலவழிக்கலாம்?

மூவாயிரத்து ஐநூறிலிருந்து ஐயாயிரம் வரைக்கும் சாதாரண நெட் சேர் கிடைக்கும். தினம் இரண்டு மூன்று மணி நேரம் உட்காருபவருக்கு அது போதும். எட்டு மணி நேரம் என்றால் எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் தேடுங்கள். சிங்க்ரோ டில்ட், ஏற்றி இறக்கும் தாங்கல் எல்லாம் அந்த வரம்பில்தான் ஒன்றாகக் கிடைக்கின்றன. அதற்கு மேல் போகும் பணத்தில் பெரும்பகுதி நீடித்த உழைப்புக்கும் பெயருக்கும்.

தரத்தைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்கும்போது இரண்டு பெயர்களைத் தேடுங்கள். ஒன்று பிஃப்மா, ஆபீஸ் நாற்காலிகளுக்கான அமெரிக்கச் சோதனைத் தரம். மற்றொன்று நம் பி.ஐ.எஸ். வேலை நாற்காலிகளுக்கென்று 2022-ல் கொண்டுவந்த ஐ.எஸ். 17631. சேர் முழுவதும் சோதிக்கப்பட்டதா, ஏதோ ஒரு பாகம் மட்டுமா என்றும் பாருங்கள். பல பட்டியல்களில் சக்கரத்துக்கோ ஹைட்ராலிக்குக்கோ கிடைத்த சான்றிதழைச் சேர் முழுவதற்கும் கிடைத்தது போல எழுதிவிடுகிறார்கள்.

செகண்ட் ஹேண்ட் சேரை நம் ஆட்கள் தயங்கி ஒதுக்குகிறார்கள், அது தேவையில்லை. சென்னை, பெங்களூர், கோவையில் ஆபீஸ் காலி செய்யும்போது நல்ல நிறுவனங்களின் சேர்கள் மொத்தமாக வெளியே வருகின்றன. புதிதாக முப்பதாயிரம் இருந்தது மூன்றில் ஒரு பங்குக்கே கிடைக்கலாம். அங்கே வேலை பார்க்கும் அண்ணனோ மச்சானோ நேரில் போய் உட்கார்ந்து, உயர்த்தித் தாழ்த்தி, சாய்த்துப் பார்த்து வாங்கி, லாரி பார்சலில் தேனிக்கோ போடிக்கோ போட்டுவிட்டால் போதும். சீட்டைத் தூக்கி நிறுத்தி, பத்து நிமிடம் உட்கார்ந்த பின்னும் அது தானாக இறங்காமல் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 7: ஆர்டர் போடும் முன்னும் பின்னும்

கடைக்குப் போவதாக இருந்தால் அந்தத் தாளையும் டேப்பையும் எடுத்துப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, குறைந்தது கால்மணி நேரம் உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் எல்லாச் சேரும் மெத்தென்றுதான் இருக்கும். பஞ்சு அமுங்கிய பிறகுதான் உண்மை தெரியும்.

ஆன்லைன் என்றால் உங்கள் தாளையும் அளவுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: சீட்டின் மிகத் தாழ்ந்த உயரம், ஆழம், கைப்பிடியின் மிகத் தாழ்ந்த உயரம், தாங்கும் எடை. இவற்றில் ஒன்றுகூடப் போடாத சேரை வாங்க வேண்டாம். வாரண்டி எத்தனை வருடம் என்பதோடு, பழுதானால் ஆள் உங்கள் பின்கோடுக்கு வருவாரா, நாம்தான் அனுப்ப வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இருபது கிலோ சேரைத் திரும்பப் பெட்டி கட்டி அனுப்புவது எளிதல்ல. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடாதீர்கள்.

பூட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பாதி மட்டும் திருகி, நான்கும் துளையில் நேராக உட்கார்ந்த பிறகு ஆலன் சாவியால் இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசித் துளை சேராது, மரை தேய்ந்துபோகும்.

படி 8: முதல் வாரமும் அதற்குப் பிறகும்

உயரத்திலிருந்து தொடங்குங்கள். கை மேசையில் இயல்பாகப் படியும்வரை சீட்டை ஏற்றி, கால் எட்டாத இடைவெளிக்குக் கல்லையோ பலகையையோ வையுங்கள். பிறகு சீட்டின் ஆழம், தாங்கலின் உயரம், கடைசியில் கைப்பிடி. சாய்வுப் பூட்டைத் திறந்துவிட்டு, நீங்கள் சாயும்போது சேரும் கூடவே வரும் அளவுக்குக் குமிழைத் தளர்த்துங்கள். பலர் வாங்கிய நாளில் பூட்டிய சேரைக் கடைசிவரை திறப்பதே இல்லை; கொடுத்த பணத்தில் பாதி அந்தப் பூட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பெரிய கேமிங் சேர் வாங்கித் தராதீர்கள். வளரும் பிள்ளையின் கால் உயரம் வருடத்துக்கு வருடம் மாறும். சாதாரண சேர், முதுகுக்கு ஒரு குஷன், காலடியில் பலகை. பலகையின் உயரத்தை மட்டும் அவ்வப்போது குறைத்துக்கொண்டே வந்தால் போதும்.

எந்தச் சேரானாலும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். ஒரே இடத்தில் உட்காரும் நேரத்தைக் குறைக்கச் சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பையும் பரிந்துரைக்கிறது. தண்ணீர்ச் செம்பை மேசையில் வைக்காமல் அடுப்படியில் வையுங்கள். போன் வந்தால் வாசலுக்குப் போய் நடந்துகொண்டே பேசுங்கள். கேமில் ஒரு சுற்று முடிந்து அடுத்ததற்கு ஆள் சேரும் இடைவெளியில் எழுந்து நில்லுங்கள்.

வலி இடுப்போடு நிற்காமல் காலுக்கு இறங்கினாலோ, காலில் மரமரப்போ பலவீனமோ தெரிந்தாலோ சேரை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனால் அன்றைக்கே போக வேண்டும்.

சேர் வந்து ஒரு மாதம் ஆனதும் அதைக் கவிழ்த்துப் போட்டு எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்குங்கள். சக்கரத்தில் சுற்றியிருக்கும் முடியையும் நூலையும் கத்தரித்து எடுங்கள். ஆலன் சாவியைச் சீட்டின் அடியிலேயே டேப் போட்டு ஒட்டிவைத்துவிட்டால் அடுத்த முறை தேட வேண்டியிருக்காது.